செங்கோட்டைப் பாசஞ்சரைத் தேடி: மூன்று ரயில் அருங்காட்சியகங்கள், நெல்லைக்காரர் பார்வையில்

நெல்லைச் சீமையில் மீட்டர்கேஜ் வண்டி (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) ஓடி நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. திருச்செந்தூர் பாதை 2008இல் அகலப்பாதை ஆனது, தென்காசிப் பாதை 2012இல். செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூர் போன வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. அந்தப் பாதை அகலமாகி முழுதாகத் திறக்க 2018 ஜூன் ஆயிற்று. இன்று பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் குட்டி வண்டி, பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். இங்கிருந்து ரயில் அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்புகிற குடும்பத்துக்கு மனசில் இருப்பதும் அதுதான்: நம்ம பாதையில் ஓடிய வண்டியை, அதன் கருவிகளை, அதன் டிக்கெட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். திருச்சி, சென்னை, மைசூரு மூன்றையும் அந்த ஒரே கேள்வியோடு இங்கே பார்க்கிறோம். படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டிய விவரமும் கூடவே வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் திருச்சி. சின்னப் பிள்ளைகளோடு, பெட்டி எப்படிக் கட்டுகிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றால் சென்னை. மீட்டர்கேஜ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சாவகாசமாகப் பார்க்க வேண்டும் என்றால் மைசூரு. மூன்றில் ஒன்றுக்குத்தான் வசதிப்படும் என்கிறவர்களுக்கு எங்கள் வாக்கு மைசூருக்கு. ஆனால் மூன்றிலும் இன்ஜின் நிற்கத்தான் செய்யும். ஓடுகிற மீட்டர்கேஜ் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் போயாக வேண்டும்.

திருச்சியில் இருப்பது ரயில்வே பாரம்பரிய மையம். 2014இல் திறந்தது. ஜங்ஷனிலிருந்து நடந்து போகிற தூரம்; ரயில் கல்யாண மண்டபம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். நெல்லையிலிருந்து காலை ஆறு மணியை ஒட்டிப் புறப்படும் வந்தே பாரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் திருச்சி. சாயங்காலம் சென்னையிலிருந்து திரும்புகிற அதே வண்டியைப் பிடித்தால் ராத்திரி ஊர் வந்து சேரலாம். அந்த வண்டிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அதையும் அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் சேர்த்துப் பார்த்து நாளைக் குறியுங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் டிக்கெட் போடுவதுதான் பலரும் செய்கிற தப்பு.

இடம் சிறியதுதான். வெளியே நிறுத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே அரை மணியில் ஒரு சுற்றுச் சுற்றி, ‘இவ்வளவுதானா’ என்று வெளியே வருகிறவர்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. திருச்சியின் பலம் இன்ஜினில் இல்லை. காகிதத்திலும் சில்லறைச் சாமான்களிலும் இருக்கிறது. நம்ம பாதைகளைப் போட்டது சௌத் இந்தியன் ரயில்வே கம்பெனி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும், நடுவே மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கும் 1876இல் வண்டி விட்டது அந்தக் கம்பெனிதான். அதன் தலைமையிடம் திருச்சி. நாகப்பட்டினத்திலிருந்த அதன் பணிமனை திருச்சியின் பொன்மலைக்கு வந்தது 1928இல். அதனால் கம்பெனி காலத்து வரைபடம், போட்டோ, மணி, விளக்கு, கடிகாரம், பீங்கான் எல்லாம் இந்த ஊரில் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. வரைபடங்களின் முன்னால் நிதானமாக நில்லுங்கள். பழைய படத்தில் சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற கோடுதான் தலைக்கோடு. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபிறகு கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியே போனார்கள். தூத்துக்குடியின் அந்த மவுசு குறைந்தது அப்போதிருந்துதான். எந்த வருஷத்து வரைபடம் என்று பார்க்க எளிய வழி: செங்கோட்டைக்கு மேற்கே கோடு போகிறதா பாருங்கள். போனால் 1904க்குப் பிந்தியது. திருச்செந்தூருக்குக் கோடு இருந்தால் 1923க்குப் பிந்தியது. பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகவே கொடுக்கலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களைப் படம் எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடியில் தெரிவது ட்யூப்லைட்டும், எடுக்கிறவர் சட்டையும். பிளாஷை அணையுங்கள். போனின் லென்ஸ் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி வையுங்கள். கேமரா என்றால் ரப்பர் ஹூடு ஒன்று மாட்டி அதைக் கண்ணாடியில் அழுத்துங்கள். ஒட்டி வைக்க முடியாத தூரத்தில் சாமான் இருந்தால், கறுப்புத் துணியோ கறுப்புச் சட்டை போட்ட ஒருவரோ உங்கள் பின்னால் நின்றால் போதும், பிரதிபலிப்பு பாதி அடங்கும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) உதவும்; ஆனால் அது ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல், வெளிச்சத்தைத் தின்றுவிடும், அறைக்குள் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றத் தயாராக இருங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா, முக்காலிக்கு அனுமதி உண்டா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சென்னை ரயில் அருங்காட்சியகம் வேறு ரகம். பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டி, நியூ ஆவடி ரோட்டில் இருக்கிறது, 2002இல் திறந்தது. திங்கள் விடுமுறை. நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் இறங்குகிறவர்கள் சென்ட்ரல் போய் அங்கிருந்து புறநகர் வண்டியில் வில்லிவாக்கமோ பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸோ இறங்கலாம், மிச்சத்துக்கு ஆட்டோ. காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பெட்டிகளும் இன்ஜின்களும் திறந்த வெளியில் நிற்கின்றன. பதினோரு மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியாது, பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள், படமும் வெளுத்துப்போகும்.

இங்கே இன்ஜினைவிடப் பெட்டிக்குத்தான் முதல் மரியாதை, அதுதான் நியாயமும். 1955இல் திறந்த ஐசிஎஃப், ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியோடு சேர்ந்து முழு உருக்குப் பெட்டி கட்டத் தொடங்கிய தொழிற்சாலை. நீலமோ காவியோ பூசிய அந்தப் பெட்டி வகையைக் கட்டுவது 2018 ஜனவரியோடு நின்றது. நெல்லை எக்ஸ்பிரஸில் நாம் வருஷக்கணக்காகத் தூங்கிப் போனது அந்தப் பெட்டியில்தான். உள்ளே இருக்கிற மாதிரிப் பெட்டிகளைப் பார்க்கிறபோது, அடிச்சட்டம், போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டம்), ஸ்பிரிங் எப்படி ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டலாம். பொம்மை ரயிலும் உண்டு. அதைக் கடைசியில் வையுங்கள், முதலில் ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு பெட்டிப் பக்கமும் பிள்ளைகள் திரும்பமாட்டார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் போய் நில்லுங்கள். சென்னையில் மட்டுமல்ல, எங்கே போனாலும் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற இடம் அதுதான். இரண்டு பக்கமும் வட்டமான பஃபர் (இடி தாங்கி) இருந்து நடுவில் திருகுக் கொக்கி தொங்கினால் அது பழைய பிராட்கேஜ், அதாவது அகலப்பாதை. பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் நட்ட நடுவில் ஒரே பஃபரும் அதிலேயே கொக்கியும் இருந்தால் மீட்டர்கேஜ். இரண்டு கைகளைக் கோத்துப் பிடித்த மாதிரி பெரிய உருக்கு முட்டி இருந்தால் புது வகை. பிறகு ரப்பர் குழாய்களை எண்ணுங்கள். தடித்த குழாய் ஒன்றே ஒன்று தொங்கினால் வாக்குவம் பிரேக், நம்ம மீட்டர்கேஜ் பாசஞ்சரில் இருந்தது. மெல்லிய குழாய் இரண்டு இருந்தால் ஏர் பிரேக்: ஒன்று பிரேக் பைப், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம்; இன்னொன்று ஃபீட் பைப், 6 கிலோ. வாக்குவத்தில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றினால்தான் பிரேக் விடும். குழாய் அறுந்தால் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஏர் பிரேக்கில் அழுத்தம் இறங்கினால் பிடிக்கும். இரண்டிலும் கொள்கை ஒன்றுதான், ஏதாவது கோளாறு என்றால் வண்டி நின்றாக வேண்டும். செங்கோட்டை மலையில் பெட்டி அறுந்து உருண்டுவிடாமல் காத்தது இந்த ஒரு குழாய். அதைப் படம் எடுக்காமல் வராதீர்கள்.

மைசூருக்கு நெல்லையிலிருந்து போக நல்ல வழி, தூத்துக்குடியிலிருந்து மாலையில் கிளம்பும் மைசூரு எக்ஸ்பிரஸை வாஞ்சி மணியாச்சியில் பிடிப்பது. சீக்கிரமே மணியாச்சி போய் நில்லுங்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான். ரயில் வரலாறு பார்க்கப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய முதல் அறை வேறு எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது. வண்டி மறுநாள் காலை மைசூரு சேரும். அருங்காட்சியகம் ஸ்டேஷனை ஒட்டியே, கிருஷ்ணராஜ சாகர் ரோட்டில். பையை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு நடந்தே போய்விடலாம்.

1979இல் திறந்தது. டெல்லியில் 1977இல் வந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அடுத்தது இதுதான். கூட்டத்தை இழுப்பது மைசூரு மகாராணியின் சலூன் (சொகுசு ரயில் பெட்டி), 1899இல் கட்டியது. சமையலறை, சாப்பாட்டறை எல்லாம் வண்டியிலேயே. இன்னொன்று ரோட்டில் ஓட வேண்டிய ஆஸ்டின் காரை ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்ட ரயில் கார். பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள். நெல்லைக்காரர் போக வேண்டியது வெளியே நிற்கிற மீட்டர்கேஜ் நீராவி இன்ஜின்களிடம். மைசூரு ராஜ்ய ரயில்வேயும் மீட்டர்கேஜ்தான். 1951 ஏப்ரல் 14 அன்று நம்ம சௌத் இந்தியன் ரயில்வேயோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆக இங்கே நிற்பது நமக்குப் பங்காளி வீட்டு வண்டி.

இன்ஜினின் பெயரை வாசிக்கத் தெரிந்தால் பாதி அருங்காட்சியகம் புரிந்துவிடும். முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் பிராட்கேஜ், 1676 மில்லிமீட்டர்; ஒய் என்றால் மீட்டர்கேஜ், 1000; இசட் என்றால் 762; என் என்றால் 610. நீராவி இன்ஜினுக்கு அடுத்த எழுத்தே வேலை: பி பயணிகள், ஜி சரக்கு. டீசலுக்கு நடுவே டி, மின்சாரத்துக்கு ஏ வரும். எம் என்பது இரண்டு வேலைக்கும். ஆகவே ஒய்பி என்றால் மீட்டர்கேஜ் பயணிகள் இன்ஜின், ஒய்ஜி சரக்கு இன்ஜின், கடைசிக் காலத்தில் வந்த ஒய்டிஎம் 4 டீசல். சக்கரத்தை எண்ணிச் சரிபார்க்கலாம். ஒய்பிக்கு முன்னால் சின்னச் சக்கரம் 4, நடுவில் பெரிய சக்கரம் 6, பின்னால் சின்னது 2. ஒய்ஜிக்கு 2, 8, 2. பெரிய சக்கரம் கூட இருந்தால் இழுவை கூடும், குறைவாக இருந்து விட்டம் பெரிதானால் வேகம் கூடும்.

அப்புறம் பித்தளைத் தகடு. கட்டிய கம்பெனி, வரிசை எண், வருஷம் மூன்றும் அதில்தான். இன்ஜினின் பிறப்புச் சான்றிதழ் என்றே வைத்துக்கொள்ளலாம். பொதுவாகப் பல இடங்களிலும் நடக்கிற கொடுமை, விழாவுக்கு விழா எனாமல் பெயின்ட் அடிக்கிறபோது தகட்டின் மேலேயும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். நாலைந்து பூச்சுக்குப் பிறகு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தெரிய வைக்க ஒரு வழி: போன் டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கைவசமாக அடியுங்கள். மேடான எழுத்தின் நிழல் விழும், எண் வாசிக்க வரும். வலப்பக்கம் ஒரு படம், இடப்பக்கம் ஒரு படம் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட்டுச் சந்தேகம் தீர்க்கலாம். இன்ஜினின் பக்கத்தில் பெயின்டால் எழுதிய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கனெக்டிங் ராடின் (சக்கரத்தை ஓட்டும் இரும்புத் தண்டு) முனையிலும் எண் வெட்டியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பழுது பார்த்த காலத்தில் வேறொரு இன்ஜினின் ராட் இதற்கு மாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பணிமனைகளில் அது சகஜம்.

கறுப்பு இன்ஜினைப் படம் எடுக்கிறபோது கேமரா ஏமாறும். படச்சட்டம் முழுக்கக் கறுப்பு இருந்தால் கேமராவின் ஒளிமீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், வானம் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1க்கு இறக்குங்கள். கொட்டகைக்குள் நின்றால் நேர்மாறு: பின்னால் வெயில், முன்னால் நிழல், இன்ஜின் வெறும் நிழலுருவாகிவிடும், அங்கே வெளிச்சமான பக்கத்துக்கு நீங்கள் போய்விடுவதுதான் ஒரே தீர்வு. வேலிக்குப் பக்கத்தில் நின்று 0.5 வைட் லென்ஸில் எடுத்தால் சக்கரம் முட்டை வடிவம் ஆகும். பின்னால் தள்ளிப்போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள், சக்கரம் சக்கரமாக இருக்கும். ஒன்றுமட்டும் மறக்க வேண்டாம்: ஏசிப் பெட்டியில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த லென்ஸை இறங்கியதும் வெளியே எடுத்தால் புகைமாதிரி ஈரம் படியும். பைக்குள்ளேயே அரை மணி விட்டுப் பிறகு திறங்கள். துணியால் துடைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, திரும்பத் திரும்பப் படியும்.

எந்த அருங்காட்சியகம் ஆனாலும் கண்ணில் பட்டால் விடக்கூடாத ஒன்று நீல் பால் டோக்கன் கருவி. ஒற்றைப் பாதையில், எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமல் காத்தது இது. சேரன்மகாதேவிக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஸ்டேஷனிலும் ஒரே ஜோடி. வார்ப்பிரும்புப் பெட்டி, முகத்தில் மூன்று நிலை காட்டுகிற முள்: பாதை அடைப்பு, வண்டி போகிறது, வண்டி வருகிறது. இரண்டு கருவியும் கம்பிவழியே பூட்டிக்கொண்டவை. எதிர் ஸ்டேஷன்காரர் தன் பக்கத்தில் சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் ஓர் இரும்பு உருண்டை விழும். அது வெளியே இருக்கிறவரை இரண்டு கருவியிலும் இன்னொன்று விழாது. அந்த உருண்டை கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தச் செக்ஷனில் (இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பாதை) நுழையலாம். அடுத்த செக்ஷனின் உருண்டை தவறுதலாக இதில் போகாதபடி துளையும் வெட்டும் மாறும். நிற்காமல் போகிற வண்டிக்கு உருண்டையைத் தோல் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டுவார்கள். டிரைவர் பக்கத்தில் இருப்பவர் ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை விட்டு வளையத்தைத் தோளில் வாங்குவார், பழைய வளையத்தை வீசுவார். ராத்திரியில், மழையில், தினமும். படம் எடுக்கிறபோது முகத்தின் முள்ளும் உருண்டை விழுகிற வாயும் ஒரே சட்டத்தில் வரும்படி எடுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு அது வெறும் பழைய இரும்புப் பெட்டி.

அட்டை டிக்கெட்டும் அப்படித்தான். எட்மண்ட்சன் டிக்கெட், 57 மில்லிமீட்டருக்கு 30. இங்க் இல்லாமல் அமுக்கித் தேதி போடுகிற சின்ன இரும்பு மெஷின் பக்கத்தில் இருக்கும். அந்தத் தேதி நேர் வெளிச்சத்தில் படத்தில் விழாது, தகட்டுக்குச் சொன்ன அதே பக்கவாட்டு டார்ச்தான் இதற்கும்.

அருங்காட்சியகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், ஓடுகிற வண்டியைப் படம் எடுக்க நெல்லைச் சீமையைப்போல் இடம் அமைவது அபூர்வம். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணிப் பாலம். பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி வரை பின்னால் காற்றாலைகள். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழே தண்டவாளம். அங்கே மேலே உங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க நிற்காதீர்கள். பாலம் எப்போதும் நெரிசல். செங்கோட்டைக்கு மேலே போனால் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். கொல்லம் ரோட்டிலிருந்தே முழுதாகத் தெரியும், தண்டவாளத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. மலை ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னாலும் இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள்; முன் இன்ஜினை எடுத்ததும் கேமராவை இறக்கிவிடாமல் காத்திருங்கள், பேங்கர் என்கிற அந்தத் தள்ளும் இன்ஜின் வரும். பகலில் மலை ஏறுகிற வண்டிகள் குறைவு. பாலருவி எக்ஸ்பிரஸ் போன்றவை நடுராத்திரியில் மலையைக் கடப்பவை. நேர அட்டவணையைப் பார்க்காமல் போனால் நாள் முழுக்கப் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெயிலின் கணக்கு இது. நெல்லை–செங்கோட்டைப் பாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்கு. காலையில் செங்கோட்டையிலிருந்து நெல்லைக்கு வருகிற வண்டியின் முகத்தில் வெயில் விழும், மாலையில் செங்கோட்டைக்குப் போகிற வண்டியின் முகத்தில். மாற்றி எடுத்தால் இன்ஜின் முகம் இருட்டிவிடும். பாதைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. சித்திரை பிறந்ததும் நம்ம ஊரில் உச்சி வெயில் வடக்கே சாயும், ஆவணி நடுவில் மறுபடி தெற்கே போகும். அதனால் மார்கழி, தையில் பாதைக்குத் தெற்கே நில்லுங்கள். வைகாசி, ஆனியில் வடக்கே. செங்கோட்டைப் பக்கம் மாலையில் மலை வெயிலை மறைத்துவிடும், காலண்டரில் போட்ட அஸ்தமன நேரத்தை நம்பி ஐந்தரைக்குப் போய் நின்றால் நிழல்தான் கிடைக்கும். சாரல் காலத்தில் வெளிச்சம் மெத்தென்று இருக்கும், பச்சை நிறம் அள்ளும். ஆனால் கேமராவை அப்படியே பையில் போட்டு மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள். காற்றாலைப் பக்கம் ஆடிக் காற்றில் முக்காலி நிற்காது. கேமராப் பையை நடுக்கொக்கியில் தொங்கவிடுங்கள்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் வருகிற வண்டி நொடிக்கு 30 மீட்டர் ஓடும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி என்றால்கூட அதற்குள் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 250இல் ஒன்று என்றால் 12 சென்டிமீட்டர். எதிரே வருகிற வண்டிக்கு ஆயிரம் போதும், குறுக்கே போகிறதற்கு இரண்டாயிரம் வையுங்கள். ஆனால் பெட்டியின் எல்இடி பெயர்ப் பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்தாகத்தான் விழும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. பலகை வாசிக்க வர வேண்டும் என்றால் வண்டி ஸ்டேஷனில் நிற்கிறபோது 125இல் ஒன்றுக்குக் கீழே எடுங்கள். போனில் குறுக்கே போகிற வண்டி சாய்ந்து தெரிவதற்குக் காரணம், சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பது. கை ஆடியதால் வந்ததல்ல. கூடிய மட்டும் மூலைவாட்டத்தில் நின்று எடுத்தால் சாய்வு தெரியாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தலைக்கு மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்பதில்லை, அருகே போனாலே தாவும். செல்ஃபி ஸ்டிக்கோ மோனோபாடோ மேலே தூக்காதீர்கள். மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். பழைய டீசல்போல் தூரத்திலேயே காதில் விழாது. பிளாட்பாரம், லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே, பொது ரோடு, இந்த மூன்று இடத்திலிருந்தே நல்ல படம் எடுக்கலாம். பிளாட்பார டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஓடுகிற மீட்டர்கேஜுக்கு மேட்டுப்பாளையம் என்று முதலில் சொன்னோம். உதகைப் பாதை அதே 1000 மில்லிமீட்டர் அகலம்தான். தமிழ்நாட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றே. 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 12 அடி ஓடினால் ஒரு அடி ஏறுகிற சரிவு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவே பல் தண்டவாளம் இரண்டு பட்டையாக ஓடும். ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருப்பார்கள், எந்த நேரமும் ஒரு பல்லாவது கவ்விக்கொண்டிருக்க. எக்ஸ் வகை இன்ஜினுக்குச் சிலிண்டர் நாலு. இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, அதில் வேலை முடித்த நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஏற்றத்தில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், ஆகவே இன்ஜினைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கடைசிப் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும். புதிய எக்ஸ் இன்ஜின்களைக் கட்டிக்கொடுத்தது பொன்மலைப் பணிமனை. நின்றுபோன இன்ஜின்களை மூன்று ஊரில் பார்த்துவிட்டு இதில் ஏறுங்கள். தகட்டிலும் ராடிலும் பார்த்ததெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்.

கடைசியாக, எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத சேகரம் ஒன்று இந்தச் சீமையிலேயே இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வீட்டு ஆல்பம். செங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், மணியாச்சிப் பக்கம் இப்படிப் பல வீடுகள் உண்டு. படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், பசை கையோடு வந்துவிடும். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ. அட்டை டிக்கெட் என்றால் இரண்டு பக்கமும் 1200. நெகட்டிவ் இருந்தால் போன் திரையை முழு வெள்ளையாக்கி, திரைக்கும் நெகட்டிவுக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு மேலிருந்து எடுங்கள். ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், அந்த வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறபோதே கேட்டு, எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், இன்ஜின் எண் என்ன, யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும்.